பீரோவில் இருந்த வெள்ளிக்கிழமை

அந்த மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நகலார்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். பார்க்கிற வேலை அப்படி. ஊரில் இருக்கும் கண்ணாடிக் கடைகள் அனுப்பும் ஆர்டர் எல்லாம் கம்பெனியின் சர்வரில் போய் உட்காரும். எந்தத் தட்டில் கிடக்கும் வில்லை யாருடைய கண்ணுக்கு, இடது கண்ணுக்கு என்ன பவர், வலதுக்கு என்ன பவர் என்பதெல்லாம் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்தான் தெரியும். அது என்றைக்காவது மண்டையைப் போட்டால் என்ன ஆவது என்று கவலைப்படுவதற்காகவே நகலாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் சர்வரில் இருப்பதை அப்படியே ஒரு டேப்பில் நகல் எடுப்பார். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி அது, உள்ளே நாடாச் சுருள். திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொன்றின் நெற்றியிலும் சீட்டு ஒட்டி அலமாரியில் வரிசையாக நிறுத்தி வைப்பார். அடுத்த திங்கள் வந்தால் பழைய திங்களை அழித்துவிட்டு அதன்மேலேயே புதுத் திங்களை ஏற்றுவார்.

கவலைப்படுவதில் மனிதர் கில்லாடி. வீட்டுச் சாவிக்கு நகல் இருந்தது, அந்த நகல் தொலைந்தால் என்ன செய்வது என்று அதற்கும் ஒன்று இருந்தது. குடை இரண்டு. மூக்குக்கண்ணாடி இரண்டு. கல்யாண ஆல்பத்துக்குக்கூட இரண்டாவது பிரதி போட்டு வேறு அறையில் வைத்திருந்தார். "நல்லவேளை, பெண்டாட்டி விஷயத்துல ஒண்ணோட நிறுத்திக்கிட்டீங்க" என்பாள் அவர் மனைவி.

ஆனால் நகல் எடுத்தால் மட்டும் போதுமா? அந்த நகல் அதே கட்டடத்தில் இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நெருப்போ தண்ணீரோ வந்தால் அசலும் நகலும் கைகோத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே வாரக் கடைசியில் எடுக்கும் வெள்ளிக்கிழமை டேப் மட்டும் வெளியே எங்காவது போய்த் தங்க வேண்டும். இதை நகலார் விலாவாரியாக விளக்கியபோது முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கயாவது பத்திரமா வையுங்க. உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார். முதலாளி நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் செலவு செய்ய மாட்டார் என்று அர்த்தம். இது யாருக்குத் தெரியாது?

தன் வீட்டிலேயே வைக்கலாம் என்றால் அது கம்பெனிக்குப் பக்கத்துத் தெரு. ஆறு பெருகினால் இரண்டும் சேர்ந்தே நனையும். மண்டையைக் குடைந்துகொண்டு நகலார் கண்டுபிடித்த இடம் மனைவியின் அக்கா வீடு. ஆற்றுக்கு அக்கரை, மேட்டுப் பகுதி, மூன்றாவது மாடி, வெயிலே எட்டிப் பார்க்காத உள்ளறை, அதில் ஓர் இரும்பு பீரோ. மனைவியின் அக்காவை அவர் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்; பீரோ சாவி அந்த அண்ணியின் இடுப்பை விட்டு இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் போவார், புது டேப்பைக் கொடுப்பார், அங்கே இருப்பதில் மிகப் பழசை வாங்கிக்கொண்டு வருவார். அண்ணிக்கும் இதில் ஏகப்பட்ட பெருமை. "கம்பெனியோட உசுரே என் பீரோவுலதான் இருக்கு" என்று மாடிப்படியில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்கும் தங்கைக்கும் முட்டிக்கொண்டது. அவர்களுடைய அம்மா காலமான பிறகு வீட்டைக் காலி செய்தார்கள். அம்மாவின் தையல் மிஷினை அக்கா அந்தத் தெருவில் இருந்த தையல்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். தங்கைக்குப் பொறுக்கவில்லை. "மிஷினையா குடுத்தே, அம்மாவையே தூக்கிக் குடுத்துட்டே" என்றாள். "அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டது யாரு" என்றார் அக்கா. கேட்கக் கூடாத கேள்வி. அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. ஃபோன் இல்லை, போக்குவரத்து இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை டேப்பும் அதைச் சுமந்த நகலாரும்தான்.

சண்டைக்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. அண்ணி டேப்பை வாங்கினார், பழசைக் கொடுத்தார், காப்பி டம்ளரை நீட்டினார். தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை? மூச். நகலாருக்குக் காப்பி இறங்கவில்லை. "அவ உங்க முழங்கால் வலி எப்படி இருக்குன்னு விசாரிச்சா அண்ணி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளாவது, விசாரிப்பதாவது! ஆனால் அண்ணியின் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. சிரிக்கவில்லை, டம்ளரில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார். வீடு திரும்பியதும் மனைவியிடம், "அண்ணி உன் தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டாங்க" என்று எடுத்துவிட்டார். "ஏன், இப்பதான் ஞாபகம் வந்துச்சாமா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். போனவள் பாத்திரத்தை உருட்டவில்லை. அதுவே பெரிய விஷயம் இல்லையா?

அவ்வளவுதான், மனிதருக்கு ருசி கண்டுவிட்டது. வாரா வாரம் டேப்போடு சேர்த்து ஒரு விசாரிப்பும் அக்கரைக்குப் போயிற்று, ஒரு விசாரிப்பு இக்கரைக்கு வந்தது. "தூக்கம் வருதான்னு கேட்டா அண்ணி" என்பார் அங்கே. "உனக்குப் பிடிக்குமேன்னு ஊறுகாய் போட நினைச்சாங்களாம்" என்பார் இங்கே. பஸ்ஸில் வரும்போதே அடுத்த வாரத்துக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்து வைத்துக்கொள்வார். அசலே இல்லாமல் நகல் போட்ட ஆள் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். இரண்டு பேரையும் தான்தான் இழுத்துப் பிடித்துக் கட்டி வைத்திருப்பதாக அவருக்குள் ஒரு நினைப்பு வேறு.

இப்படியே மாசக்கணக்கில் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணி சும்மா இருக்காமல், "இவ்வளவு விசாரிக்கறவ ஒரு தடவை நேர்ல வரக் கூடாதா தம்பி?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதானே? "அதெல்லாம் யோசிக்கிறா" என்று இழுத்திருக்கலாம். நம் ஆளுக்கு நாக்கில் சனி. "நாளைக்கே வரலாம்னு பேசிக்கிட்டிருந்தா அண்ணி" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் கம்பெனிக்குள் நுழைந்தவர் சர்வர் அறைக் கதவைத் திறந்தார். செருப்பு சளக் என்றது. ராத்திரி முழுக்க ஏசியிலிருந்து வெளியே போக வேண்டிய தண்ணீர், குழாய் அடைத்துக்கொண்டதால் உள்ளே திரும்பி, சர்வரின் முதுகு வழியாக இறங்கியிருந்தது. சர்வர் போயே போய்விட்டது. அது போகட்டும், அதற்குத்தானே டேப்? அலமாரியைப் பார்த்தார். அறையிலேயே குளிர்ச்சியான இடம் என்று பார்த்துப் பார்த்து ஏசிக்கு நேர் கீழே அவரே நகர்த்திவைத்த அலமாரி அது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நான்கும் தண்ணீரில் ஊறிக் கிடந்தன.

வில்லை அரைக்கும் கூடத்தில் தட்டுத் தட்டாக வில்லைகள் கிடந்தன. ஒவ்வொரு தட்டிலும் ஓர் எண். எந்த எண் யாருடைய கண் என்று சொல்ல ஆள் இல்லை. அரைக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதலாளி வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"வெளியே வெச்சிருக்கீங்களே, அந்த டேப் இருக்குல்ல?"

"இருக்கு சார். நேத்து சாயங்காலம் வரைக்கும் உள்ளது எல்லாம் அதுல இருக்கு."

"புது சர்வருக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு வந்துடும். திங்கக்கிழமை காலையில மெஷின் ஓடணும். ஓடலேன்னா நீங்க உங்க பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம்."

நகலார் ஓட்டமும் நடையுமாகப் போய் அக்கரை பஸ்ஸைப் பிடித்தார். டேப் கையில் கிடைத்தால் வேலை தப்பும், அவ்வளவுதான் கணக்கு. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, கதவைத் தட்டினார். கதவு உடனே திறந்தது. வீடு பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. நாற்காலிகளுக்குப் புது உறை. அண்ணி நல்ல புடவை கட்டி, தலை பின்னி நின்றார். அவர் பார்வை நகலாரின் தோளைத் தாண்டி மாடிப்படிக்குப் போயிற்று.

"எங்க அவ?"

நேற்று அவிழ்த்துவிட்ட பொய் அப்போதுதான் நகலாருக்கு நினைவு வந்தது. "வரணும்னுதான் இருந்தா அண்ணி. ஒரு அவசரம். அந்த டேப்பை மட்டும் குடுத்தீங்கன்னா..."

அண்ணியின் முகம் விழுந்துவிட்டது. மெதுவாக உள்ளே போய்ப் புது உறை போட்ட நாற்காலியில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

"டேப் எங்கயும் போகாது தம்பி, பத்திரமா இருக்கு. அவ வந்து கேக்கட்டும், குடுக்கறேன்."

"அண்ணி, கம்பெனியே நிக்குது. என் வேலை போயிடும்."

"உங்க கம்பெனிக்கு நான் என்னிக்காவது இல்லேன்னு சொன்னேனா? வெயில்லயும் மழையிலயும் வந்தீங்க, எடுத்துக் குடுத்தேன். இன்னிக்கு ஒரு நாள் சொல்றேன். காலையிலேருந்து வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

நகலார் வெறுங்கையோடு படியிறங்கினார். அண்ணியின் கணவர், அதாவது அவருடைய சகலை, கீழே வரைக்கும் கூடவே இறங்கி வந்தார்.

"சகலை, நீங்களாவது கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

"நானா? பீரோவுக்குள்ள இருக்கற என் சட்டைக்கே நான் மனுப் போட்டுத்தான் வாங்கறேன். போய்த் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு வாங்க. வேற வழி கிடையாது."

வீட்டில் மனைவி நனைந்த டேப்பின் கதையைக் கேட்டாள், முதலாளி சொன்னதைக் கேட்டாள், 'ஐயோ பாவம்' என்றாள். அக்கா வீட்டுக்கு வர வேண்டும் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவதானே வாரா வாரம் என்னை விசாரிக்கறா? மனசு இளகியிருக்குன்னா அவளே ஃபோன் பண்ணட்டுமே. நான் எதுக்குப் படியேறணும்?"

அப்போதுதான் நகலாருக்கு உறைத்தது. அக்கரையில் இருப்பவர், தங்கை பாதி வழி வந்துவிட்டாள், மிச்சத்தையும் அவளே வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். இக்கரையில் இருப்பவளும் அதே நினைப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பாதி வழியை இருவருக்கும் அளந்துவிட்டது யார்? சாட்சாத் இவர்தான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். மனைவி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். தைரியத்துக்கு மட்டும் அவரிடம் நகல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. புது சர்வர் வந்து பொருத்தியாகிவிட்டது, டேப் வந்தால் ஏற்றிவிடலாம். நகலார் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இட்ட சாப்பாடு ஆறிப்போயிற்று. மனைவி இரண்டு தரம் வந்து பார்த்தாள். மூன்றாம் தரம் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"எழுந்திருங்க. உங்க வேலைக்காக வரேன், அவளுக்காக இல்ல. டேப்பை வாங்கிக்கிட்டுத் திரும்பிடுவேன், உக்காரக்கூட மாட்டேன்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழி முழுக்க ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது மாடியில் கதவைத் திறந்த அக்கா, "வா" என்றார். ஒரே ஒரு வார்த்தை. தங்கை உள்ளே போய், உட்கார மாட்டேன் என்றவள், உட்கார்ந்தாள்.

"டேப்பைக் குடு, நான் போறேன்."

"வாரா வாரம் முழங்கால் எப்படி இருக்கு, தூக்கம் வருதான்னு சொல்லியனுப்பத் தெரியுது. வந்து பார்க்க மட்டும் கால் வரலையாக்கும்" என்றார் அக்கா.

"நான் எப்ப சொல்லியனுப்பினேன்? நீதான் என் தலைவலியை விசாரிச்சே. ஊறுகாய் போடறேன்னு சொன்னே."

"நானா? ஊறுகாயா?"

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் நகலார் பக்கம் திரும்பின. சகலை சத்தம் போடாமல் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார். விவரமான மனிதர்.

"அது வந்து அண்ணி... நானாத்தான்" என்றார் நகலார்.

"எதெது நீங்களா?"

"எல்லாமே நானாத்தான்."

இரண்டு பேரும் சேர்ந்து தன்னைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறார்கள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். திட்டே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவரை யாரும் கவனிக்கவே இல்லை. மனைவி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இத்தனை மாசமா என்னைப் பத்தி நீ ஒரு வார்த்தைகூடக் கேக்கலையா?" அவள் குரல் உடைந்திருந்தது.

"நீ கேட்டியா?" என்றார் அக்கா.

அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேக்கணும்னுதான் நினைப்பேன். காப்பி போடறப்பவே நினைப்பேன். தம்பி வந்து உக்கார்ந்ததும் நீ கேட்டதா சொல்லிடுவார். சரி, நம்மளை நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கா, அது போதும்னு விட்டுடுவேன்."

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் தங்கை. "இவர் வந்து சொல்லுவார். அன்னிக்கு நல்லாத் தூக்கம் வரும். அப்புறம் ஃபோன் பண்ணணும்னு தோணாது."

நகலார் மனசுக்குள் கணக்குப் போட்டார். தான் நடுவில் புகுந்து நல்லது செய்யாமல் இருந்திருந்தால் இவர்களில் யாராவது ஒருத்தர் முதல் மாசமே ஃபோனை எடுத்திருப்பார். அவமானத்தில் கால் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஷினைக் குடுக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட கேட்டேன்டீ" என்றார் அக்கா. "எனக்கு எதுக்குன்னு நீதான் சொன்னே."

"அம்மா போய் ஒரு வாரம்கூட ஆகலை. அழுதுக்கிட்டு இருக்கறவகிட்ட மிஷின் வேணுமான்னு கேட்டா வேற என்ன சொல்லுவா?"

அக்கா எழுந்து வந்து தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கலை. கண்ணு முன்னாடி இருக்கக் கூடாதுன்னுதான் குடுத்தேன்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பிறகு இருவரும் அழுதார்கள். நகலார் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாற்காலி உறையைப் பார்த்தார்.

கடைசியில் இடுப்பிலிருந்து சாவி இறங்கியது. பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து வெள்ளிக்கிழமை டேப் வெளியே வந்தது. நகலார் கையை நீட்டினார். அக்கா அதைத் தங்கையிடம் கொடுத்தார்.

"நீயே கொண்டுபோய்க் குடு. இவர் கையில எதையும் குடுத்தனுப்பாதே. இல்லாததையும் சேர்த்துக் கொண்டுபோய்க் குடுப்பார்."

அன்று மத்தியானமே டேப் புது சர்வரில் ஏறியது. திங்கட்கிழமை காலையில் தட்டுகளுக்கெல்லாம் கண்கள் திரும்பக் கிடைத்தன, அரவைக் கூடம் இரைய ஆரம்பித்தது. நகலார் முதல் வேலையாக அலமாரியை ஏசிக்குக் கீழேயிருந்து இழுத்து எதிர்ச் சுவரோரம் போட்டார். முதலாளி வந்து அவர் தோளில் தட்டினார். தட்டிய கையை எடுக்காமலே, "ஆமா, இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். இனிமேல் பொய்யே சொல்வதில்லை என்று நகலார் முடிவு கட்டியிருந்த நேரம் அது. எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னார், பீரோ, பட்டுப் புடவை, அக்கா தங்கை சண்டை உட்பட. முதலாளி அந்த வாரமே ஒரு பாங்க்கில் லாக்கர் பேசி, வெள்ளிக்கிழமை தோறும் டேப்பை அங்கே கொண்டுபோக ஏற்பாடு செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நகலார் டேப்பை பாங்க்கில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி தலை வாரி, செருப்பு மாட்டி, பையோடு வாசலில் தயாராக நின்றாள்.

"டேப் எங்க?"

"இனிமே அங்க வைக்க வேண்டாம்னுட்டாங்க. பாங்க் லாக்கர்லதான்."

அவள் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"ஏன், போகலையா? அக்கா வீட்டுக்குப் போறதுக்குக் காரணம் வேணுமா என்ன?"

"வேணுங்க. ஒரு நாள் அழுதா எல்லாம் சரியாயிடுமா? வெறுங்கையோட போய் நின்னா, ஏன் வந்தேன்னு அவளுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

நகலார் உள்ளே போனார். தேய்ந்துபோய், இனி உதவாது என்று கம்பெனியில் கழித்துக் கட்டிய டேப் ஒன்று மேஜை இழுப்பறையில் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்து வந்து நீட்டினார். "இதுல ஒண்ணும் கிடையாது" என்றார். அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தாள். பையில் டேப் இல்லை.

"வெத்து டேப்புன்னு அவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார் நகலார்.

"சொன்னேன். பரவால்லடீன்னு வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து மாத்திக்கிட்டுப் போகணுமாம்."